குருவையாவின் சைக்கிளை விட்டு இறங்கிப்போன சத்தம்

எங்க ஊர்ல ஒரு சத்தம் சைக்கிள்ல இருந்து இறங்கித் தனியா வாழ்ந்துச்சு. ஐப்பசி மழை ஓஞ்சதுல இருந்து காப்பிப் பழம் சிவந்து பறிச்சு முடியற வரைக்கும் எங்களோடதான் இருந்துச்சு, ரேஷன் வரிசையில நின்னுச்சு, கல்யாணத்துல பந்திக்கு வந்துச்சு, காச்சல்காரங்க கட்டிலுக்குப் பக்கத்துல காத்துக் கெடந்துச்சு, யாரு எதச் சொன்னாலும் குறுக்க பேசாமக் கேட்டுக்குச்சு. இதச் சொன்னா கீழநாட்டுல இருந்து வர்றவங்க வாயப் பொளக்கறாங்க, சத்தம் எப்படிம்மா தனியா இருக்கும்னு. எப்படி இருக்கும்னா, இருந்துச்சு, அம்புட்டுத்தான். பஜ்ஜி சூடா வேணுமா ஆறுனது போதுமா, அதச் சொல்லுங்கன்னு கேட்டுட்டு நான் என் சோலியப் பாப்பேன்.

தோணிமலையில பஸ் திரும்பற வளைவுல என் கடை. அத ஒட்டுன தகரக் கொட்டகை ஷாநவாஸோட சைக்கிள் ரிப்பேர் கடை. அவன் அங்க சுத்தியலப் போட்டான்னா இங்க என் எண்ணெச் சட்டி குதிக்கும், அம்புட்டு நெருக்கம். அதனால நடந்தது அம்புட்டையும் பக்கத்துல நின்னு பாத்தவ நான்தான், வேற யாராச்சும் வேற மாதிரி சொன்னா நம்பாதீங்க.

சத்தம் குருவையாவோடது. குருவையா பஞ்சாயத்துல தண்ணி தெறந்து விடறவரு. ஊருக்குக் கீழ ஓடைக்கரையில பம்பு ரூமு, அதுக்குப் பின்னால ஒத்த அறை, அதுல அவரு. காலையில பம்பப் போட்டுத் தண்ணிய மேல ஏத்திட்டு, ஊர நடுவாலப் பொளந்துக்கிட்டு உச்சிமேட்டுத் தொட்டிக்கு ஏறி, ஒவ்வொரு தெருவுக்கா வால்வத் தெறந்து மூடி, சாயங்காலம் எறங்கி வருவாரு. சாத்தூர்ப் பக்கத்து ஆளு. வந்த மொத வாரத்துலயே எந்த ஊரு, என்ன ஆளுகன்னு விசாரிச்சோம்; அது தெரிஞ்சதுக்கு அப்புறம் அவரப் பத்தி வேற எதையும் நாங்க விசாரிக்கல. பொண்டாட்டி இருக்காளா, புள்ளகுட்டி உண்டா, காச்சல் வந்தா யாரு கஞ்சி வச்சுக் குடுப்பான்னு யாருக்கும் தெரியாது. தண்ணி வரலன்னா மட்டும் பேரச் சொல்லிக் கத்துவோம். என் கடையில பஜ்ஜி வாங்குனாருன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு தின்னுட்டுக் காகிதத்த மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போவாரு.

அவருக்கு அந்தச் சைக்கிள் எப்படி வந்துச்சுன்னா, டவுன்காரங்க மலையில சைக்கிள் ஓட்டி சந்தோசப்படணும்னு ஒரு திட்டம் வந்துச்சு. தடித் தடியா டயரு, வயித்துக்கு நடுவுல மோட்டாரு, மேல குழாய்க்குக் கீழ பேட்டரி. மிதிச்சா மோட்டாரும் கூடச் சேந்து தள்ளும், மிதிக்கலன்னா அதுவும் சும்மா கெடக்கும். டவுன்காரங்க ஒரு கோடைக்கு வந்தாங்க, முட்டியப் பேத்துக்கிட்டாங்க, போயிட்டாங்க. திட்டமும் அவங்க பின்னாலயே போயிருச்சு. உச்சிமேட்டுக் கல்லுப் பாதையில ஜீப்பும் ஏறாது, மொபெட்டும் ஏறாதுன்னு மிஞ்சுனதுல ஒண்ணத் தண்ணிக்காரருக்குக் குடுத்துட்டாங்க.

குடுத்த கொஞ்ச நாள்லயே அது பேச ஆரம்பிச்சிருச்சு. பெடல மிதிச்சா கடக், கடக்னு கணுக்கால் எலும்பு சொடுக்கு விடற மாதிரி ஒண்ணு. ஏத்தம் வந்து மோட்டாரு பிடிச்சா ம்ம்ஊம்னு ஒரு முனகல். அந்த முனகல்ல ஹேண்டில்பாரு அதிந்து அதிந்து அவரு உள்ளங்கை மரத்துப் போகும்னு சொல்லுவாரு. காப்பிக் காட்டுல பழம் எடுக்கப் போற பொம்பளைங்க கேட்டிருக்காங்க, அது கடக்குன்னா இவரு "ஆமா ஆமா"ன்னுவாராம், அது ம்ம்ஊம்னா "சலிச்சுக்காத, வளைவு தாண்டுனா தொட்டி வந்துரும்"னு சமாதானம் சொல்லுவாராம். நாங்க சிரிப்போம். ஊருக்குள்ள ஒரு நாயும் அவர்கிட்டப் பேசறதில்ல, சைக்கிளாச்சும் பேசட்டுமேன்னு எங்கள்ல யாருக்கும் தோணல.

ஹெட்மாஸ்டர் கந்தவேலுதான் மொதல்ல ஆரம்பிச்சாரு. காலையில பிரேயர் நடக்கறப்ப இந்த எழவு சத்தம் பள்ளிக்கூட கேட்டைத் தாண்டிப் போகுது, புள்ளைங்க கூடவே கடக் கடக்னு தாளம் போடுதுங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு பஞ்சாயத்துல நின்னாரு. அவரு சொன்னதும் எல்லாருக்கும் அந்தச் சத்தம் காதுல உறுத்த ஆரம்பிச்சிருச்சு. ஊர் மொத்தமும் சேந்து குருவையாவ ஷாநவாஸ் கடைக்குத் தள்ளிவிட்டோம்.

ஷாநவாஸ் வத்தலக்குண்டுக்காரன், கோயமுத்தூர்ல பெரிய சைக்கிள் கடையில வேல பாத்துட்டு வந்தவன். பொறுமைன்னா அப்படி ஒரு பொறுமை. அவன் சைக்கிளத் தொடவே இல்ல, மொதல்ல கேள்விதான் கேட்டான்.

"அண்ணே, மிதிக்கிறப்ப வருதா, மிதிக்காம உருள்றப்ப வருதா?"

"மிதிக்கிறப்ப."

"பெடலு ஒரு சுத்து வந்தா ஒரு தடவையா, சக்கரம் ஒரு சுத்து வந்தா ஒரு தடவையா?"

குருவையா திகைச்சுப் போயிட்டாரு. அவர்கிட்ட யாரும் அடுத்தடுத்து ரெண்டு கேள்வி கேட்டதில்ல. "ஏத்தத்துல ஒரு மாதிரி பேசும் தம்பி, சமதரையில வேற மாதிரி பேசும்"னாரு. அப்புறம் கொஞ்சம் வெக்கப்பட்டுக்கிட்டே, "எறக்கத்துல அது பேசாது. அப்ப நான் பேசுவேன்"னாரு.

ஷாநவாஸ் சிரிக்கல. மோட்டார அமத்திட்டு மிதிச்சுப் பாருங்கன்னான். கடக் இருந்துச்சு, முனகல் இல்ல. சீட்டுல உக்காராம நின்னுக்கிட்டு மிதிங்கன்னான், ரெண்டும் இருந்துச்சு. பெடலு ரெண்டையும் கழட்டி வேற பெடல் மாட்டி அனுப்புனான், செயினக் கழட்டி மண்ணெண்ணையில ஊறப்போட்டு ஒவ்வொரு கண்ணியா மடக்கிப் பாத்து அனுப்புனான், பின்சக்கரத்த வேற வண்டியில மாட்டிச் சுத்தவிட்டுக் காத வச்சுக் கேட்டான். எனக்கே பொறுக்கல. "ஏன்டா, எல்லாத்தையும் ஒரேயடியா முடுக்கி எண்ணெ விட்டு அனுப்ப வேண்டியதுதானே"ன்னேன்.

"முடியாது மதினி"ன்னான். "இந்தக் குழாய் எல்லாம் உள்ள காலி. பின்சக்கரத்துல முனகுனா காலுக்கடியில முனகுற மாதிரி இருக்கும், சீட்டுக் குழாய் கீச்சிட்டா மோட்டாரு கீச்சிடற மாதிரி இருக்கும். ஒரு நேரத்துல ஒண்ணத்தான் தொடணும். ஓட்டிப் பாக்கணும். அது இல்லன்னா இருந்தபடி வச்சுட்டு அடுத்தது."

அப்படி அவன் ஒண்ணு ஒண்ணாத் தொட்டுக்கிட்டு இருக்க, சைக்கிளு பாதி நாளு கொட்டகையில உரிச்ச கோழியாத் தொங்குச்சு, குருவையா நடந்தே மேல ஏறுனாரு, காலையில வர வேண்டிய தண்ணி மத்தியானம் தாண்டி வந்துச்சு. அவ்வளவுதான், கொடத்தத் தூக்கிக்கிட்டுத் தெருவே கொட்டகை முன்னாடி வந்து நின்னுருச்சு. நீ சைக்கிள் ரிப்பேர் பாக்கறியா, பிரேதப் பரிசோதனை பண்றியான்னு கேட்டவங்க உண்டு. ஷாநவாஸ் நல்லவன், ஆனா பொம்பளைங்க கத்துனா அந்தப் பொறுமை பறந்துரும். அவனும் மனுசன்தானே. பெடலு, செயினு, கிராங்க் போல்ட்டு, மோட்டாரப் பிடிச்சிருக்கிற போல்ட்டு, பின் ஆக்சிலு, சீட்டுக் குழாயி, ஹேண்டில்பாரு, ஸ்போக்ஸ் கம்பி அம்புட்டையும் ஒரே மூச்சுல முடுக்கி, எங்கெங்க இடுக்கு இருக்கோ அங்கெல்லாம் கிரீஸ அப்பி, "ஓட்டுங்கண்ணே"ன்னு நீட்டிட்டான்.

குருவையா ஏறி மிதிச்சாரு. ஒரு சத்தமும் இல்ல. வளைவு வரைக்கும் போயி வந்தாரு, மழைக்கு ஒதுங்குன பூன நடந்து போற மாதிரி இருந்துச்சு. எல்லாரும் கை தட்டுனாங்க, ஹெட்மாஸ்டர் ஷாநவாஸ் முதுகுல தட்டுனாரு.

குருவையா மட்டும் கேட்டாரு, "எங்க இருந்துச்சு தம்பி?"

"தெரியலண்ணே. ஏதோ ஒண்ணுல."

அவரு சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போனாரு. ஏறி ஓட்டல, தள்ளிக்கிட்டுத்தான் போனாரு, பக்கத்துல யாரோ வரணும்னு வழி விட்டு நடக்கற மாதிரி.

மறுநாள் காலையில எல்லாரும் கொடத்தத் தூக்கிக்கிட்டுக் குழாயடிக்கு ஓடுனோம், ஏன்னா ரோட்டுல கடக், கடக், ம்ம்ஊம்னு சத்தம் ஏறிப் போச்சு. ஓடிப் போய் நின்னா தண்ணி வரல. சத்தம் மட்டும் எங்களத் தாண்டிப் போச்சு. கீழ சைக்கிளும் இல்ல, மேல ஆளும் இல்ல. பள்ளிக்கூடத்து கேட்டுகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டு, வழி தெரியாத மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் போயிட்டு, திரும்பி வந்து என் கடை பெஞ்சுல உக்காந்துச்சு. பின்னாலயே குருவையா சைக்கிள்ல ஒரு சத்தமும் இல்லாம ஏறிப் போனத நாங்க பாக்கவே இல்ல. தண்ணி வந்தப்ப குழாயடியில ஒரு கொடம் கூட இல்ல. அன்னிக்கு ஊர் மொத்தமும் கோவப்பட்டது அதுக்குத்தான், சத்தம் தனியா வந்ததுக்கு இல்ல.

ஷாநவாஸக் கூப்பிட்டுக் கேட்டோம். அவன் துணியில கையத் தொடச்சுக்கிட்டு, "எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சா சத்தம் அங்கயே அடங்கிரும். கண்டுபிடிக்காம வெரட்டி விட்டா அது எங்க போகும்? ரோட்டுலதான் நிக்கும்"னான். அது நியாயமாத்தான் பட்டுச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டோம்.

மொதல்ல சின்னப் பஞ்சாயத்துதான். பஸ் ஏறுச்சு, கண்டக்டரு இதுக்கு டிக்கெட் போடறதா வேணாமான்னு குழம்பி, லக்கேஜாவும் சேக்க முடியாம, கடைசி சீட்டுல உக்காரச் சொல்லிட்டாரு. ரேஷன் கடையில அது நின்ன இடத்த யாரும் மிதிக்காம விட்டுட்டு வரிசை நகந்துச்சு. அப்புறம் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ள வர ஆரம்பிச்சுது. காது கேக்காத மாடசாமிக் கெழவருக்கு இது மட்டும் கேட்டுச்சு, அவரு அது கூட நாள் முழுக்க நெல்லு வெல தேங்கா வெல பேசுனாரு. புருசன் கூடச் சண்ட போட்டவ அதுகிட்ட வந்து அழுதா. அது கடக்குன்னுச்சு, "பாத்தியா, நீயாச்சும் ஒத்துக்கறியே"ன்னு மூக்கச் சிந்திட்டுச் சமைக்கப் போனா. கீழத் தெருவுலயே ரொம்ப நாள் தங்கிருச்சுன்னு மேலத் தெருக்காரங்க மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. கல்யாணப் பத்திரிக வச்சாங்க, அதுக்குன்னு ஒரு தலவாழ எல போட்டு, அது முனகுனா பரிமாறுறவரு "இன்னும் கொஞ்சம் பாயாசமா?"ன்னு கேட்டு ஊத்துனாரு. பிரேயருல தாளம் தப்பாம இருக்குன்னு ஹெட்மாஸ்டரே அதக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல நிக்க வச்சாரு. அதுக்குச் சாதி கேட்டவங்க யாரும் இல்ல, எங்க ஊர்ல அப்படி ஒரு விருந்தாளி அதுக்கு முன்னாடி வந்ததும் இல்ல.

குருவையா அவரு பாட்டுக்கு ஏறுனாரு, எறங்குனாரு. சத்தம் இல்லாத சைக்கிளு, அவரு போறதும் தெரியல, வர்றதும் தெரியல. பழம் எடுக்கற பொம்பளைங்க திடுக்குன்னு பக்கத்துல பாத்துப் பயந்து திட்டியிருக்காங்க. எறக்கத்துல இப்ப அவரு பேசறதில்லையாம். மொத மொத வளைவுல "ஆமா ஆமா"ன்னு சொல்லப் போயி, பாதியில நிறுத்திக்கிட்டாராம்.

அந்த நெலமையிலதான் அவரு விழுந்தாரு. உச்சிமேட்டுக்கு முந்துன வளைவுல பாசி பிடிச்ச கல்லு, சைக்கிளோட சறுக்கிக் காப்பிச் செடிக்குள்ள போயி, கால் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டிக்கிருச்சு. காலையில விழுந்தவரு, வெயில் சாயற வரைக்கும் கத்திக்கிட்டு அங்கயே கெடந்திருக்காரு. முந்தியெல்லாம் வளைவுல சத்தம் நின்னா யாராச்சும் "என்னடா, தண்ணிக்காரரு சத்தத்தக் காணோமே"ன்னு ஏறிப் பாப்பாங்க. அன்னிக்கோ சத்தம் கீழ ஊருக்குள்ள வளைகாப்பு வீட்டுல நல்லாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு, அதனால எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு நாங்க வளையல் அடுக்கிக்கிட்டு இருந்தோம். தண்ணி வரலன்னு திட்டுனோம், அதையும் சொல்லிர்றேன். அவரே எப்படியோ காலப் பிடுங்கிக்கிட்டு, சைக்கிள ஊன்றுகோலாத் தள்ளிக்கிட்டு நொண்டி நொண்டி வந்தாரு. வளைகாப்பு வீட்டு வாசல்ல நின்னவங்க கேட்டது, "ஏன் இன்னிக்குத் தண்ணி விடல?"

"வழுக்கிருச்சு"ன்னாரு. உள்ள இருந்து கடக்னு கேட்டுச்சு. அவரு தலையத் தூக்கிப் பாத்தாரு. அந்த வீங்குன காலோடயே ஷாநவாஸ் கொட்டகைக்கு வந்தாரு.

"தம்பி, அத மறுபடியும் மாட்டிக் குடுத்துருங்க."

ஷாநவாஸ் அவரு காலப் பாத்தான், என்கிட்ட இருந்து வெந்நி வாங்கி ஊத்துனான். "எதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதேண்ணே"ன்னான்.

"ஒண்ணு ஒண்ணாத் தளத்திப் பாருங்க. எதுலயாச்சும் ஏறிக்கும். அது இல்லாம எனக்கு முடியல தம்பி. மேல அம்புட்டுத் தூரம், ஒரு ஆளு இல்ல. நான் இருக்கறது எனக்கே தெரிய மாட்டேங்குது."

இத அவரு சத்தமா, என் காதுல விழற மாதிரி சொன்னாரு. பஜ்ஜி கருகுனது தெரியாம நான் நின்னுட்டேன்.

"அது பக்கத்துல இருந்தாத்தான் பொருத்திப் பாக்க முடியும். கூட்டிட்டு வாங்கண்ணே"ன்னான் ஷாநவாஸ்.

அங்கதான் வம்பு. அந்தச் சத்தத்த யாராலயும் கூட்டிட்டு வர முடியாது. வான்னா வராது, போன்னா போகாது, தானாத் தோணுனாத்தான் அடுத்த வீடு. குருவையா கொரலு கேட்டா மட்டும் அது கொஞ்சம் அசையும், வாசப்படி வரைக்கும் வரும், படியத் தாண்டாம நின்னு முனகிட்டு உள்ள போயிரும். அவரே உள்ள போயிப் பக்கத்துல நின்னு அழச்சுக்கிட்டு வரணும்னு ஷாநவாஸ் சொல்லிட்டான். உள்ள போறதுன்னா, எந்த வீட்டுக்குள்ள?

அவரு வீடு வீடா வந்தாரு. வாசலுக்குக் கீழ, சாக்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "எங்க சத்தம் உங்க வீட்டுல இருக்குங்களா?"ன்னு கேப்பாரு. உள்ள அது கடக் கடக்னு கேட்டுக்கிட்டே இருக்கும். "இப்பத்தான் அசந்துச்சு, அப்புறம் வாங்க"ன்னு ஒரு வீடு. "ஒங்க சத்தமா? அது இப்ப ஊர்ச் சத்தம்"னு ஒரு வீடு. "நீங்க நில்லுங்க, நாங்களே கொண்டாறோம்"னு உள்ள போயி வெறுங்கையோட வந்து சிரிச்ச வீடு ஒண்ணு. என் வீட்டுலயும் கொஞ்ச நாள் இருந்துச்சு, அப்ப வந்தாரு. சாமி படத்துக்கு நேரா மாமியாரு படுத்திருக்கற வீடு, நான் என்னத்த சொல்ல? "நாளைக்கு வாங்கண்ணே"ன்னேன். என்ன பாக்கறீங்க? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? மறுநாள் அவரு வந்தப்ப அது பெரிய வீட்டுக்குப் போயிருந்துச்சு.

பெரிய வீடுன்னா முத்துராக்கு அத்தை வீடு. ஊர்த் தலக்கட்டு. அத்தைக்கு ஒரே மகன், ஷார்ஜாவுல இருக்கான். மருமக தமயந்தி உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பொண்ணு, பிரசவம் முடிஞ்சு பச்சக் கொழந்தையோட வந்து எறங்குனவ, அந்தக் கூடத்த விட்டு வெளிய வந்து நாங்க பாத்ததில்ல. கொழந்தை விடிய விடிய அழுற கொழந்தை. சத்தம் போயித் தூளிக்குப் பக்கத்துல நின்ன அன்னிக்குத்தான் அது மொத மொதலா நல்லாத் தூங்குச்சு, கூடவே தமயந்தியும். அவ அதுகிட்ட என்னென்ன பேசுனாளோ, கூடத்து ஜன்னலு வழியா பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க.

குருவையா பெரிய வீட்டுக்குப் போறாருன்னு தெரிஞ்சதும் ஊரே பின்னால போச்சு. வெயில் ஏறுன நேரம். நான் அடுப்ப அமத்திட்டுப் போனேன், ஷாநவாஸ் கையில ஒரு ஸ்பேனரோட வந்தான், எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. குருவையா கீழயே நின்னு கேட்டாரு, "அம்மா, எங்க சத்தம் இங்க இருக்குங்களா?"

முத்துராக்கு அத்தை வெளிய வந்து வாசல் நெலையில சாஞ்சுக்கிட்டா. "இருக்கு. அங்கயே நில்லு. தூளியோட தூக்கிட்டு வந்து வாசல்ல வைக்கச் சொல்றேன், கூட வருதான்னு பாப்போம்."

தூளியத் தூக்குனாங்க. கொழந்தை வந்துச்சு, சத்தம் வரல. கொழந்தை முழிச்சு வீறுன்னு கத்துச்சு, திரும்பக் கொண்டு போயித் தொங்கவிட்டாங்க, சத்தத்துக்குப் பக்கத்துல போனதும் அடங்குச்சு. அத்தைக்கு எரிச்சல் வந்துருச்சு. "அது இங்கதான் இருக்கணும்னு இருக்கு. நீ போ, புதுசா ஒண்ணு பழக்கிக்க"ன்னா.

குருவையா போகல. கெஞ்சவும் இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நின்னாரு, இனிமே கேக்கறதுக்கு வழியில்லன்னு தெரிஞ்சு ஒவ்வொரு கடக்கையும் உள்ள வாங்கிக்கிற மாதிரி.

அப்ப உள்ள இருந்து தமயந்தி கொரலு கேட்டுச்சு. "அண்ணே, உள்ள வாங்க."

அத்தை திரும்புனா. "என்னடி சொன்ன?"

"உள்ள வரச் சொன்னேன் அத்தை. இதுகிட்ட அவரப் பத்தித்தான் நான் நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டு இருக்கேன். இது வந்த வீட்டுக்கு இதோட ஆளு வரக்கூடாதா?" கொரலு நடுங்குச்சு, ஆனா நிக்கல. "எனக்கும்தான் இந்த வீட்டுல பேச ஆளில்ல. வாங்கண்ணே."

அத்தை வாயத் தெறந்தா, அம்புட்டுச் சனம் பாக்குதேன்னு மூடிக்கிட்டா, ஆனா நெலையில இருந்து வெலகல. குருவையா செருப்பக் கழட்டுனாரு. எல்லார் செருப்பும் கெடக்கற எடத்துல விடல, தள்ளிப் போயி வேலியோரத்துல விட்டாரு. பஞ்சாயத்துக் குழாயில காலக் கழுவுனாரு, அவரே தெறந்து விட்ட தண்ணி. அத்தைய உரசாம, ஒடம்ப ஒடுக்கிக்கிட்டு, நொண்டுற கால மொதல்ல தூக்கிப் படியத் தாண்டி உள்ள வச்சாரு.

சத்தம் நின்னுருச்சு.

மறைஞ்சு போகல, அடுத்த வீட்டுக்குப் போகல. வச்ச காலு தரையில பட்ட நேரத்துல நின்னுருச்சு. அப்படி ஒரு அமைதி, குழாயடியில சொட்டுற தண்ணி கேட்டுச்சு.

ஷாநவாஸ்தான் மொதல்ல பேசுனான், தொழில்காரன் புத்தி. "அண்ணே, அசையாதீங்க. ஒண்ணுதான் மாத்தியிருக்கோம். இப்ப மறுபடியும் கால வெளிய வைங்க, திரும்ப வருதான்னு பாப்போம். அப்பத்தான் இதுதான்னு உறுதியாத் தெரியும்."

நியாயமான சோதனைதான். குருவையா பாவம், காலத் தூக்கிட்டாரு.

"வேணாம்"னா தமயந்தி. கூடத்துல இருந்து எழுந்து வந்து எங்க எல்லாரு முன்னாடியும் நின்னா, அன்னிக்குத்தான் அவ மொகத்த நான் சரியாப் பாத்தேன். "யாரும் எதையும் வெளிய வச்சுப் பாக்க வேணாம்."

ஷாநவாஸ் ஸ்பேனரப் பையில போட்டுக்கிட்டான். அத்தை நெலைய விட்டு விலகி உள்ள பாத்துத் திரும்பிக்கிட்டா.

அவருக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. கையத் தொங்கவிடலாமா கட்டிக்கலாமான்னு தெரியாம, செவுத்துல படாம, நடுக் கூடத்துல நின்னாரு. தேடி வந்த சத்தம் இல்ல. அம்புட்டு வருசம் கூட வந்தது அவரு காலடியிலேயே முடிஞ்சு போச்சு. அவரு மொகம் அப்ப இருந்தத என்னால சொல்ல முடியாது. வீட்டுக்குள்ள வந்துட்ட மொகமும் அதுதான், எல்லாத்தையும் பறிகொடுத்த மொகமும் அதேதான்.

சத்தம் நின்னது தெரிஞ்சு கொழந்தை அழ ஆரம்பிச்சுது. தமயந்தி தூளிய ஆட்டுனா, அத்தை வந்து தூக்குனா, தட்டுனா, ரெண்டு பேருக்கும் அடங்கல. வெளிய நின்ன நாங்க ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். குருவையா தூளிகிட்டப் போனாரு, தொடல, குனிஞ்சாரு, வாயத் தெறந்தாரு.

"கடக்"னாரு. "கடக். ம்ம்ஊம். கடக். கடக்."

அச்சு அசல். ஏத்தத்துல பேசற மாதிரி, சமதரையில பேசற மாதிரி, வளைவுல மூச்சு வாங்கற மாதிரி, அம்புட்டும் அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கொழந்தை தேம்பித் தேம்பி நிறுத்துச்சு. அவரு நிறுத்தல. ரெண்டு கண்ணுல இருந்தும் தண்ணி தாடியில எறங்குது, தொடச்சுக்க கையத் தூக்கல, கையத் தூக்குனா தாளம் தப்பிருமோன்னு பயந்த மாதிரி. நான் முந்தானைய வாய்ல வச்சுக்கிட்டேன்.

தமயந்தி மணப்பலகையத் தூளிகிட்ட இழுத்துப் போட்டா. "நின்னுக்கிட்டே இருக்கீங்களே, உக்காருங்கண்ணே"ன்னா.

அவரு அவளப் பாத்தாரு, வாசல்ல நின்ன எங்களப் பாத்தாரு. ஏதாச்சும் சொல்லணும்னு இருந்திருக்கும், இல்லம்மா வேணாம்னு சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். வாய்ல சத்தம் இருந்துச்சு, சொல்ல முடியல. உக்காந்தாரு.